விலகாத விலங்குகள்

'விலங்கு' என்னும் சொல்லுக்குக் குறுக்காகச் செல்வது, விலகிப் போவது என்னும் பொருள்களைத் தமிழ் அகராதிகள் தருகின்றன. மனிதன் நிமிர்ந்து நடக்க, அது கிடையாக நடப்பதால் அப்பெயர் வந்தது என்று புலவர்கள் விளக்குவர். நம்மைக் கண்டதும் அது விலகி ஓடும் ஓசையையும் அச்சொல்லில் நாம் கேட்கலாம். அரபு மொழியில் காட்டு விலங்கிற்கு 'வஹ்ஷ்' என்று பெயர். அதே வேரில் பிறந்த 'வஹ்ஷத்' தனிமையின் வெருட்சியையும், ஒன்றோடு ஒன்று ஒட்டாத அந்நியத்தையும் குறிக்கும். அதற்கு எதிர்ச்சொல் 'உன்ஸ்'. பழக்கம், நெருக்கம், உடனிருப்பதால் உண்டாகும் அமைதி ஆகிய மூன்றையும் அவ்வொரு சொல் தாங்கி நிற்கிறது. மனிதனைக் குறிக்கும் 'இன்ஸான்' இந்த உன்ஸிலிருந்தே பிறந்தது என்று இலக்கண அறிஞருள் ஒரு சாரார் வாதிடுவர். மற்றொரு சாரார் அது 'நிஸ்யான்', அதாவது மறதி என்னும் சொல்லிலிருந்து வந்தது என்பர். அந்த வழக்கைத் தீர்த்து வைக்க நாம் இங்கே முன்வரவில்லை. ஆயினும் இரு மொழிகளும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றன: கூடி வாழ்வது மனிதனின் இயல்பு, அவனைக் கண்டு அகன்று போவது விலங்கின் இயல்பு.

இச்சொற்களை ஆக்கிய பெருமக்கள் கலாபகோஸ் தீவுகளைக் கண்டவரல்லர். கண்டிருப்பின் விலங்கிற்கு வேறு பெயர் தேட வேண்டியிருந்திருக்கும். அத்தீவுகளின் உயிர்கள் மனிதனைக் கண்டு விலகுவதில்லை. அவன் கால் வைக்கும் இடத்தில் படுத்திருக்கும். அவன் நிழல் மேலே விழுந்தாலும் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். இதனை ஒரு வேடிக்கை என்று எழுதிக் கடந்து போகலாம். பயண நூல்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் இதிலே ஓர் அறக் கேள்வி பொதிந்து கிடக்கிறது என்பது நம் எண்ணம். நம்மை அஞ்சி ஓடும் உயிரிடம் நமக்குள்ள கடமை ஒருவாறு தெரிந்ததே. நம்மை அஞ்சவே தெரியாத உயிரிடம் நமக்குள்ள கடமை என்ன? அதன் அச்சமின்மை நம்மேல் ஒரு பாரத்தை ஏற்றுகிறதா, இல்லையா?

நாம் அங்குச் சென்று வந்தவரல்லோம். சென்றவர் எழுதியவற்றையும், ஆய்ந்தவர் கண்டவற்றையும் துணைக்கொண்டு, அன்பர்களை ஒரு நாள் மட்டும் மனத்தளவில் அங்கே அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

தென் அமெரிக்காவின் ஈகுவடார் நாட்டிலிருந்து மேற்கே, பசிபிக் பெருங்கடலில், ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில் அத்தீவுக் கூட்டம் உள்ளது. கடலடியில் ஓரிடத்தில் நின்று கனலும் வெப்ப ஊற்றின் மேலே, புவியின் ஓடு கிழக்கு நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே போகிறது. ஊற்றின் மேல் வந்த இடத்தில் எரிமலை எழுகிறது. நகர்ந்து போன பின் குளிர்ந்து, முதிர்ந்து, இறுதியில் கடலுக்குள் அமிழ்கிறது. ஆகவே கிழக்கே உள்ள தீவுகள் கிழவர்கள். மேற்கே உள்ளவை இளைஞர்கள். மேற்கோரத்தில் நிற்கும் ஃபெர்னான்டினா மிக இளையது. 2024 மார்ச்சில்கூட அது தீக்குழம்பைக் கக்கியது. 1968இல் அதன் மலைவாயின் அடித்தளம் 300 மீட்டருக்கும் மேலாக உள்ளே இறங்கிவிட்டது. இத்தீவுகள் ஒருபோதும் பெருநிலத்தோடு இணைந்திருந்ததில்லை. பறந்தும், நீந்தியும், மிதக்கும் மரக்கட்டைகளில் தொற்றியும் வர முடிந்த உயிர்களே அங்கு வந்து சேர்ந்தன. நரி வரவில்லை, பூனை வரவில்லை, மனிதனும் மிகப் பிந்தியே வந்தான்.

பயணக் கப்பல் விடியலில் ஃபெர்னான்டினாவுக்கும் இசபெலாவுக்கும் இடைப்பட்ட நீரிணையில் நங்கூரமிடும். நூறு பயணிகளுக்கு மேல் ஏற்றும் கப்பலுக்கு அங்கே அனுமதியில்லை. கரைக்குச் செல்லச் சிறு ரப்பர்ப் படகுகள் உண்டு. அவற்றைப் 'பங்கா' என்கின்றனர் (நம் பழைய கச்சேரிகளில் கயிறிழுத்து வீசிய பங்காவுக்கும் இதற்கும் உறவில்லை). பதினாறு பேருக்கு ஒரு வழிகாட்டி. அவரில்லாமல் எவரும் கரையேறக் கூடாது. குறித்த தடத்தை விட்டு விலகக் கூடாது; உயிர்களுக்கு இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்; எதையும் தொடவோ, ஊட்டவோ, எடுக்கவோ கூடாது. காலை ஆறு மணிக்கு முன் இறங்கவும், மாலை ஆறுக்குப் பின் தங்கவும் இடமில்லை.

கரையில் கால் வைத்ததும் கண்ணுக்குத் தெரிவது கருமை. உறைந்த எரிமலைக் குழம்பு, முறுக்கிய கயிறுகளை அடுக்கியதுபோல் மடிப்பு மடிப்பாகக் கிடக்கிறது. சற்றுக் கழித்துத்தான் அக்கருமையின் ஒரு பகுதி மூச்சு விடுவது தெரியவரும். நூற்றுக்கணக்கான கடல் இகுவானாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து வெயில் காய்கின்றன. ஓணானின் முகமும் உடும்பின் உடலும் கொண்டாற் போன்ற பிராணி அது. உலகிலுள்ள பல்லியினங்களில் கடலுக்குள் சென்று மேய்வது இது ஒன்றே. பெரிய ஆண்கள் குளிர்ந்த நீரில் மூழ்கிப் பாறையில் படர்ந்த பாசியைக் கடித்துத் தின்று, உடல் விறைத்துப் போய்க் கரையேறும். மீண்டும் சூடேறினால்தான் தின்றது செரிக்கும். உண்ட உப்பை மூக்கின் வழியே 'உஸ்' என்று பீறிட்டு வெளியேற்றும். அவ்வுப்பு தலையில் படிந்து வெள்ளைக் குல்லாய் அணிந்ததுபோல் தோன்றும். கடல் நீர் வெம்மையுற்றுப் பாசி அற்றுப்போகும் எல் நினோ ஆண்டுகளில் இவற்றுட் பல பட்டினியால் மடிகின்றன. பிழைப்பவற்றின் உடல் நீளமே குறைந்துவிடுகிறது. எலும்புள்ள பிராணி சுருங்கிப் பின் வளர்கிறது என்பதை நாம் முதலில் படித்தபோது அச்சுப்பிழையென்றே எண்ணினோம். 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு அதனை அளந்து காட்டியிருக்கிறது.

சற்று அப்பால் பறக்க மறந்த நீர்க்காகம். இறக்கைகள் உண்டு, ஆனால் அவ்வுடலைத் தூக்கும் அளவில் மூன்றிலொரு பங்கே உண்டு. அவற்றை அது விரித்து உலர்த்துகிறது, பறந்த முன்னோரின் வழக்கத்தை விடாமல். கடலிலிருந்து திரும்பும்போது கூட்டில் அமர்ந்திருக்கும் துணைக்கு ஒரு கொத்துக் கடற்பாசியைக் கொண்டுவந்து கொடுக்கும். ஃபெர்னான்டினாவையும் இசபெலாவையும் தவிர உலகில் வேறெங்கும் இப்பறவை இல்லை. கடற்சிங்கத்தின் குட்டி தடத்தின் குறுக்கே படுத்திருக்கும். மனிதர்தாம் சுற்றிப் போக வேண்டும். சிவந்த நண்டுகள் இகுவானாவின் முதுகின்மேல் ஏறி இறங்கிப் போகும். மேலே ஒரு பருந்து, பட்டுப்போன கிளையில் அமர்ந்தபடி, வந்தவர்களை ஏறிட்டுப் பார்க்கும்.

திரும்பி வருவோர் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தை எழுதுகின்றனர்: அவை எங்களை நம்பின. அந்த வாக்கியத்தில்தான் நமக்கு ஐயம்.

நம்புதல் என்பது என்ன? தீங்கு செய்ய வல்லவன் என்று அறிந்த ஒருவனிடம், செய்யமாட்டான் என்று எண்ணித் தன்னை ஒப்புவிப்பது நம்பிக்கை. கடன் கொடுப்பவன் நம்புகிறான், ஏனெனில் ஏமாற்றுவோரை அவன் அறிவான். இகுவானாவுக்கு மனிதனின் தீங்கும் தெரியாது, நன்மையும் தெரியாது. அதன் கணக்கில் மனிதன் இல்லவே இல்லை. அரபியில் விலங்கிற்கு மற்றொரு பெயர் 'பஹீமா'. தெளிவின்மை, வாய் மூடியிருத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து அதனை மொழியறிஞர் வருவிப்பர். அதன் உள்ளம் நமக்கு மூடிய கதவு. அக்கதவின்மேல் 'நம்பிக்கை' என்று நாமே எழுதிவிட்டு, நாமே அதைப் படித்து மகிழ்வது முறையாகாது.

இந்த அறியாமையை மனிதன் முதன்முதல் குறித்து வைத்தது 1535இல். பனாமாவின் ஆயர் தோமாஸ் தே பெர்லாங்கா பெரு நாட்டுக்குச் செல்லுகையில், காற்று விழுந்து, கப்பல் நீரோட்டத்தில் இழுபட்டு இத்தீவுகளை அடைந்தது. குடிநீர் கிடைக்காமல் கள்ளிமடலைப் பிழிந்து குடித்தனர். அவர் தம் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், இங்குள்ள பறவைகள் தப்பியோடவும் அறியாத பேதைகள், பலவற்றைக் கையாலேயே பிடித்தனர் என்று தெரிவிக்கிறார். பேதைமை என்று அவர் கண்டதை 300 ஆண்டுகள் கழித்துச் சார்லஸ் டார்வின் வேறு விதமாகக் கண்டார். 1835 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஐந்து வாரங்கள் அவர் அங்கிருந்தார். துப்பாக்கியின் முனையால் ஒரு பருந்தைக் கிளையிலிருந்து தள்ளினார். கையில் பிடித்திருந்த ஆமையோட்டுக் குடுவையின் விளிம்பில் மாக்கிங் என்னும் பறவை வந்தமர்ந்து நீர் அருந்தியது. கடல் இகுவானா ஒன்றைத் திரும்பத் திரும்பக் கடலில் எறிந்து பார்த்தார். அது ஒவ்வொரு முறையும் அவர் நின்ற இடத்திற்கே நீந்தி வந்தது. நீரில் சுறா உண்டு, நிலத்தில் பகையில்லை; ஆகவே எது நேரினும் கரைக்கே ஓடுவது அதன் பரம்பரைப் பழக்கம் என்று அவர் ஊகித்தார். எறிபவனே கரையில் நிற்கிறான் என்பது அதன் பரம்பரையில் இல்லாத செய்தி.

ஃப்ளோரியானா தீவில் டார்வின் கண்ட ஒரு சிறுவனை நம்மால் மறக்க முடியவில்லை. ஒரு நீர்க்கிணற்றின் அருகே கையில் சிறு கோலுடன் அமர்ந்திருந்தான். நீர் அருந்த வரும் புறாக்களையும் குருவிகளையும் ஒவ்வொன்றாக அடித்து, உணவுக்காகச் சிறு குவியல் சேர்த்து வைத்திருந்தான். அது அவனது வழக்கமாம். அச்சிறுவன் கொடியவனல்லன்; அவனுக்குப் பசி உண்டு, வீட்டில் அடுப்பு உண்டு. உணவுக்காக உயிரைக் கொள்வதை நாமும் மறுப்பவரல்லோம். ஆனாலும் அக்கிணற்றடியில் ஏதோ ஒன்று நேர்மை பிறழ்ந்து கிடக்கிறது என்று நம் மனம் சொல்லுகிறது. அந்தப் பறவைகள் அவனை நம்பவில்லை. ஆகவே அவன் செய்தது நம்பிக்கைத் துரோகமும் அன்று. அப்படியாயின் அது என்ன?

இங்கே நமக்கு ஒரு பழைய வணிகச் சட்டம் துணைக்கு வருகிறது. வெளியூரிலிருந்து சரக்கோடு வரும் ஒட்டகக் கூட்டத்தார் சந்தையை அடையுமுன், நகர வணிகர் வழியிலேயே எதிர்சென்று மலிவாக வாங்கிக்கொள்ளும் வழக்கம் அரபு நாட்டில் இருந்தது. அது தடுக்கப்பட்டது. அரபுச் சட்ட நூல்கள் இதற்கென ஒரு பகுதியையே ஒதுக்கியுள்ளன. இதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாங்குபவன் பொய் சொல்லவில்லை. விற்பவன் மனமொப்பியே விற்றான். எவரும் எவரையும் நம்பி எதையும் ஒப்படைக்கவில்லை. ஆனால் அந்த ஆதாயம் முழுவதும் விற்பவனின் அறியாமையிலிருந்து பிழிந்தெடுக்கப்பட்டது. அவன் இன்னும் பத்து நாழிகை நடந்திருந்தால் அவ்வாதாயம் இருந்திராது. ஆகவேதான், சந்தைக்கு வந்து விலை நிலவரம் அறிந்தபின் அந்த விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையை அவனுக்கு வழங்கினர்.

மான் வேட்டையில் மானுக்குக் கால் உண்டு, காது உண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக அச்சம் உண்டு. அதுவும் சந்தை நிலவரம் அறிந்தே நிற்கிறது. கிணற்றடிச் சிறுவனின் பறவைகள் சந்தைக்கு வந்து சேராத கூட்டத்தார். மற்றவரோடு ஒப்பிட்டால் இவர்கள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. விலை தெரிந்தபின் முறித்துக்கொள்ள இவர்களால் இயலாது. தெரிந்துகொள்ளும் நொடியும் உயிர் போகும் நொடியும் ஒன்றாக இருப்பதால்.

கலாபகோஸ் ஆமைகளுக்கு நேர்ந்தது இதுவே, ஆனால் பேரளவில். திமிங்கில வேட்டைக் கப்பல்கள் அத்தீவுகளில் ஒதுங்கி ஆமைகளைத் தூக்கிச் சென்றன. நீரும் உணவுமின்றி ஓராண்டு வரைகூட உயிரோடிருக்கும் ஆற்றல் அந்த ஆமைக்கு உண்டு. வறண்ட தீவில் வாழ்வதற்கென வாய்த்த அவ்வாற்றலே அதனைக் கப்பலின் அடித்தளத்தில் கவிழ்த்து அடுக்கி வைக்க ஏற்ற 'புதிய இறைச்சி' ஆக்கிற்று. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவை இவ்வாறு போயின என்பது மதிப்பீடு. ஃப்ளோரியானாவின் ஆமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே அத்தீவிலிருந்து மறைந்தது. பின்டா தீவின் கடைசி ஆமை 1971இல் கண்டுபிடிக்கப்பட்டு, இணையின்றி வாழ்ந்து, 2012 ஜூன் 24ஆம் நாள் இறந்தது. எஸ்பனோலா தீவில் மட்டும் கதை சற்று மாறிற்று: அங்கே எஞ்சிய பன்னிரண்டு பெண்ணையும் இரண்டு ஆணையும், அமெரிக்க விலங்கியல் பூங்கா ஒன்றிலிருந்து மீட்ட மூன்றாவது ஆணையும் கொண்டு சந்ததி பெருக்கினர். 2020இல் அம்முதியவை பதினைந்தும் தம் தீவுக்கே திரும்பின.

ஈகுவடார் அரசு 1959இல் தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கியது. 1978இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1998இல் சுற்றுக்கடலும் காப்பகமாயிற்று. இப்போது எதையும் எடுத்துச் செல்ல அனுமதியில்லை; பார்த்துவிட்டு வருகின்றனர். 2023இல் அவ்வாறு பார்க்க வந்தோர் 3 இலட்சத்துக்கும் மேல். வெளிநாட்டார்க்குப் பூங்காக் கட்டணம் 2024 ஆகஸ்ட் முதல் 200 டாலர். பார்வை குற்றமற்றது என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் ஓர் ஆய்வு நம்மைத் தயங்க வைக்கிறது. கடல் இகுவானாக்களை மனிதர் துரத்திப் பார்த்து, அவற்றின் இரத்தத்தில் அச்சத்தின்போது சுரக்கும் சுரப்பை அளந்தனர். 2007இல் முடிவு வெளியாயிற்று. பகையறியாத இகுவானா துரத்தப்பட்டபோது அச்சுரப்பு உயரவில்லை. உடலே அஞ்சவில்லை என்று பொருள். ஒருமுறை பிடித்து விட்டபின் துரத்தினால் உயர்ந்தது. சற்று முன்னதாகவே ஓடத் தொடங்கவும் செய்தது. ஆனால் அவ்வாறு கூடிய தூரம் ஒரு நாயிடமிருந்தோ பூனையிடமிருந்தோ தப்பப் போதாது. அதாவது பாடம் உண்டு, பயன் இல்லை. நாயும் பூனையும் மனிதன் கொண்டுவந்து விட்டவை. மக்கள் குடியேறிய தீவுகளில் இன்றும் உள்ளன.

இதைப் படித்த இரக்கமுள்ள ஒருவர் நம்மிடம் வந்து இவ்வாறு வாதிடலாம்: "குழந்தைக்கு அந்நியரிடம் எச்சரிக்கையாயிரு என்று தாய் கற்பிக்கிறாள். அவ்வுயிர்களுக்கும் அச்சத்தைக் கற்பித்துவிடுவதே கருணை. கல்லெறிந்து விரட்டுங்கள், உங்களைக் கண்டால் ஓடட்டும். உங்கள் புகைப்படங்களுக்காக அவற்றைப் பேதைகளாகவே வைத்திருக்கிறீர்கள்." இவ்வாதம் இலேசானதன்று, பார்ப்பவரின் இன்பத்தில் ஒளிந்துள்ள தன்னலத்தை அது நன்றாகவே சுட்டுகிறது. எனினும் நாம் இதனை ஏற்கவில்லை. அச்சம் விலையின்றிக் கிடைப்பதன்று. வெயிலில் உடல் சூடேற வேண்டிய நேரத்தில் ஓடும் இகுவானா செரிமானத்தை இழக்கிறது. ஓடுகிற பறவை இரையை இழக்கிறது. கற்ற அச்சம் எளிதில் போவதுமில்லை. பூனையும் எலியும் ஒழிக்கப்பட்ட சில தீவுகளில், ஆண்டுகள் பல கழிந்த பின்னும் ஃபிஞ்சு குருவிகள் எச்சரிக்கை குறையாமலே இருப்பதை 2020இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. இன்னொன்றும் உண்டு. தாய் குழந்தைக்குக் கற்பிப்பது பிறர் செய்யக்கூடிய தீங்கைப் பற்றி. இங்கே தீங்கும் நம்முடையது, பாடமும் நம்முடையது. நம் குற்றத்துக்குக் காப்பு தேடும் பொறுப்பை அறியாதவன் தலையில் வைத்துவிட்டு அதற்குக் கருணை என்று பெயரிடுவது, ஒட்டகக் கூட்டத்தாரிடம் 'விலை விசாரித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்' என்று நகர வணிகன் சொல்வதைப் போன்றது. இரு பக்க நிலவரமும் அறிந்தவன் ஒருவனே. தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதும் அவன் கடனே. தடத்தை விட்டு இறங்காதே, இரண்டு மீட்டர் தள்ளி நில், பெட்டியைச் சோதனைக்குத் திற என்னும் விதிகள் பயணிக்குச் சலிப்பாகத் தோன்றலாம். நமக்கு அவை சந்தைச் சட்டத்தின் வழிவந்த விதிகளாகவே தோன்றுகின்றன.

இதுவரை நம் வழி நேராகவே வந்தது. ஆனால் இசபெலா தீவில் அது ஒரு முள்வேலியில் போய் முட்டுகிறது.

மாலுமிகளும் குடியேறியோரும் ஆடுகளைக் கொண்டுவந்து தீவுகளில் விட்டனர். அவை பெருகின. இசபெலாவின் தென்பகுதியிலிருந்து, கரடுமுரடான எரிமலைப் பாறைகள் நிறைந்த நிலவிடுக்கைக் கடந்து, வடபகுதியின் மலைகளுக்கும் ஏறின. அங்கே மூடுபனி மரங்களில் படிந்து சொட்டும் நீரே ஆமைகளுக்கு வறட்சிக்காலக் குட்டை. ஆடுகள் மரங்களைத் தின்று தீர்த்தன; சொட்டுவதற்கு இலையில்லை; குட்டைகள் வற்றின. 1997இல் ஒரு பெருந்திட்டம் தொடங்கிற்று. 2006க்குள் சான்டியாகோ தீவிலும் வட இசபெலாவிலும் 1,40,000க்கும் மேற்பட்ட ஆடுகள் கொல்லப்பட்டன. பல ஹெலிகாப்டரிலிருந்து சுட்டு.

எண்ணிக்கையைக் காட்டிலும் முறையே நம்மை நிறுத்துகிறது. ஆடுகள் அருகிப் போனபின் எஞ்சியவற்றைக் குகைகளிலும் புதர்களிலும் கண்டுபிடிப்பது அரிதாயிற்று. அப்போது ஓர் ஆட்டைப் பிடித்து, அதன் கழுத்தில் வானொலிப் பட்டை கட்டி விட்டுவிடுவர். ஆடு தனித்திருக்கப் பொறாத பிராணி. அது எஞ்சிய தன் இனத்தைத் தேடிப் போய்ச் சேரும். ஒலிக்குறி காட்டும் வழியே வேட்டையர் வந்து கூட்டத்தைச் சுட்டு, பட்டையணிந்ததை மட்டும் விட்டுப் போவர். அது மீண்டும் துணை தேடிப் புறப்படும். மீண்டும் வருவர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'யூதாஸ் ஆடு'. முப்பது வெள்ளிக்காசுக்குத் தன் ஆசானைக் காட்டிக்கொடுத்ததாகக் கிறிஸ்தவ மரபு கூறும் சீடனின் பெயர்.

அந்த ஆட்டுக்குக் காசு எதுவும் கிடைக்கவில்லை. காட்டிக்கொடுப்பதாக அது அறியவுமில்லை. நாம் தொடக்கத்தில் சொன்ன உன்ஸ், உடனிருக்கும் வேட்கை, அதனிடம் இருந்தது, அதுவே தூண்டிலாயிற்று. பறவையின் அச்சமின்மையைக் கிணற்றடிச் சிறுவன் பயன்படுத்தினான். ஆட்டின் தோழமையை இவர்கள் பயன்படுத்தினர். அறியாமையிலிருந்து ஆதாயம் பிழிவது தவறு என்று சற்று முன் நாம் வகுத்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால், குற்றம் இவர்கள் பக்கமே சாய்கிறது. கடன் பட்டவன் ஆட்டைக் கொண்டுவந்து விட்ட மாலுமி. அவன் எப்போதோ இறந்துவிட்டான். கடனை அடைத்தது ஆடு.

ஆயினும் இதனைச் செய்திருக்கக் கூடாது என்று நம்மால் சொல்ல முடியவில்லை. விட்டுவிட்டிருந்தால் ஆமைகள் அழிந்திருக்கும், பின்பு தழையற்ற மலையில் ஆடுகளும் பட்டினியால் மடிந்திருக்கும். உயிரோடு பிடித்துக் கப்பலேற்றுவது அந்தப் பாறைக்காட்டில் அவ்வளவு ஆடுகளுக்கு நடக்கக்கூடிய காரியமன்று. ஆடுகள் போனபின் மரஞ்செடிகள் தழைத்துவிட்டன. இது கிணற்றடிச் செயலினின்று வேறுபடுவது ஒன்றே ஒன்றில்தான்: செய்தவர்க்கு இதில் தனக்கென்று ஓர் ஆதாயமும் இல்லை. அந்த வேறுபாடு போதுமா என்று கேட்பவர்க்கு, போதும், ஆனால் மிச்சமின்றிப் போதும் என்று சொல்லமாட்டோம் என்பதே நம் விடை. யூதாஸ் என்று பெயரிட்டவர்கள் அதனை வெறும் வேடிக்கைக்காக இட்டார்களா, தாம் செய்வதன் இயல்பை உணர்ந்து இட்டார்களா, அறியோம். பெயர் மட்டும் பொருந்தவில்லை. காட்டிக்கொடுத்தவர் எவரேனும் உண்டென்றால் அவர் நான்கு காலில் நடக்கவில்லை.

வழிகாட்டிகள் கடைப்பிடிக்கும் மற்றொரு விதியைப் பற்றியும் பயணிகள் மனம் கசந்து எழுதுவதுண்டு. கடலுக்குச் சென்ற தாய் திரும்பாமல், மணலில் மெலிந்து கிடக்கும் கடற்சிங்கக் குட்டிக்கு எதுவும் கொடுக்க அனுமதியில்லை. அதே குட்டியின் கழுத்தில் மீன்பிடிவலையின் இழை இறுகியிருந்தால் பூங்காக் காவலர் வந்து அறுத்துவிடுவர். இது முரண்பாடன்று. வலை நம்முடையது, சுறா நம்முடையதன்று. ஆயினும் அழும் குட்டியின் முன் நின்று இதனை ஏற்பதற்குக் கல்நெஞ்சம் வேண்டாம் என்று எவரேனும் சொன்னால் நாம் அவரோடு வாதாடப் போவதில்லை.

டார்வின் சிறுவனைக் கண்ட அந்த ஃப்ளோரியானாவில் அன்று மாக்கிங் பறவைகளும் மிகுதியாக இருந்தன. ஒவ்வொரு தீவிலும் அவை சிறிது வேறுபட்டிருப்பதைக் கண்டதே அவர் சிந்தனையைக் கிளறிய பொறிகளுள் ஒன்று. அவர் சென்ற ஐம்பது ஆண்டுகளுக்குள் அத்தீவில் அப்பறவை அற்றுப்போயிற்று. எலியும் பூனையும் காரணம் என்கின்றனர். ஃப்ளோரியானாவை ஒட்டிய சாம்பியன், கார்ட்னர் என்னும் இரு சிறு திட்டுகளில் மட்டும் அவ்வினம் எஞ்சியது. எலி அங்குச் சென்று சேரவில்லை. ஏறத்தாழ 150 பேர் வாழும் ஃப்ளோரியானாவில் எலிகளையும் பூனைகளையும் ஒழிக்க 2023இல் ஹெலிகாப்டரிலிருந்து நச்சு இரை தூவினர். தீவு தூய்மையானபின் திட்டுகளிலுள்ள பறவைகளைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவது என்பது ஏற்பாடு. அவை இன்றும் மனிதன் கையிலுள்ள நீர்ப்புட்டியின்மேல் வந்து அமர்கின்றன.